நெல்லுக்கு வேலி கட்டிய ஊர், குளத்துக்கு என்ன செய்தது?



"மலருக்கு நம்ம ஊர் வரலாறு பத்தி ஏதாவது எழுதித் தாருமய்யா" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கட்டபொம்மனைப் பற்றியும் வ.உ.சி.யைப் பற்றியும் எழுத நம் சங்கத்திலேயே தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் படித்தது சிவில். பிழைப்பு மழைநீர் வடிகால் வடிவமைப்பு. எனவே எனக்குக் கொஞ்சம் பிடிபட்ட வரலாற்றையே எழுதுகிறேன். திருநெல்வேலி, பாளையங்கோட்டைக் குளங்களின் வரலாறு அது. குளத்துக்கு என்ன பெரிய வரலாறு, தோண்டினார்கள், தண்ணீர் நின்றது, தூர்ந்தது, அவ்வளவுதானே என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அதில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு.

பெயரில் மிஞ்சியவை

நெல்லுக்கு வேலியிட்டுக் காத்ததால் நெல்வேலி என்பது தலபுராணம். பெயரிலேயே வயல் இருக்கிற ஊர் இது. ஊருக்குள் இருக்கும் இடப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: கொக்கிரகுளம், வேய்ந்தான்குளம், நயினார்குளம், இலந்தைக்குளம், மூளிக்குளம். கொக்கிரகுளம் என்றால் இன்றைக்கு நமக்கு நினைவுக்கு வருவது கலெக்டர் ஆபீஸ். வேய்ந்தான்குளம் என்றால் புது பஸ் ஸ்டாண்டு. நயினார்குளம் என்றால் காய்கறி மொத்த மார்க்கெட். குளத்தின் பெயரைச் சொல்லுகிறோம், மனசில் கட்டடம் வந்து நிற்கிறது. பாதி வரலாறு இதிலேயே அடங்கிவிட்டது.

மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள ஆற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எட்டு அணைக்கட்டு

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. வழியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870-களில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டி முடிந்தது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளெல்லாம் இருபதாம் நூற்றாண்டுப் பிள்ளைகள்.

இந்த அணைக்கட்டுகள் தண்ணீரைத் தேக்கி வைப்பவை அல்ல. ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கால்வாயில் திருப்பி விடுபவை. தேக்கி வைக்கும் வேலை குளங்களுக்கு. சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுன் பக்கம் வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. பழவூரில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போய்க் குளங்களை வரிசையாக நிரப்புகிறது. அரியநாயகிபுரத்தில் பிரிவது கோடகன் கால்வாய். நம் மாநகரம் இந்தக் கால்வாய்களின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்வார்கள். ஒரு பசு முன்னால் நடக்க, அது போன தடத்திலேயே கால்வாய் வெட்டினார்களாம். அது படுத்த இடத்தில் குளம், கோமியம் விட்ட இடத்தில் மடை. சின்ன வயதில் கேட்டபோது வெறும் கதை. சர்வேயிங் படித்த பிறகு யோசித்தால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. மாடு செங்குத்தாக ஏறி இறங்காது. சரிவை ஒட்டி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்துதான் போகும். சமமட்டக் கோடு என்று நாம் டம்பி லெவலும் ஸ்டாஃபும் வைத்துத் தேடுகிறதைத்தான் அந்தக் கதை பசுவின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறது.

ஒரு குளம் என்பது என்னென்ன

குளம் என்றால் தண்ணீர் நிற்கிற பள்ளம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நம் முன்னோர் கணக்கில் அது ஐந்து உறுப்புள்ள ஓர் அமைப்பு. தண்ணீர் வரும் வரத்துக்கால் ஒன்று. தண்ணீர் பரந்து நிற்கும் உள்வாயும் அதைத் தாங்கும் கரையும் இரண்டு. வயலுக்குத் திறந்து விடும் மடை மூன்று. நிறைந்தால் வழிந்தோடும் மறுகால் நான்கு. கீழே பாயும் வயல், அதாவது ஆயக்கட்டு, ஐந்து. மேல் குளத்தின் மறுகால் கீழ்க் குளத்தின் வரத்துக்காலாக இருக்கும். இப்படியே சங்கிலி போய்க் கடைசியில் ஆற்றிலேயே சேரும்.

இதில் ஐந்தாவது உறுப்பான ஆயக்கட்டை யாரும் குளத்தின் பகுதியாக நினைப்பதில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மழைக்காலத்தில் வயலே ஒரு சின்னக் குளம். ஒரு ஏக்கர் வயலில் வரப்பளவு தண்ணீர், அதாவது 15 சென்டிமீட்டர் நின்றால், அது சுமார் 6 லட்சம் லிட்டர். நூறு ஏக்கருக்கு 6 கோடி லிட்டர். குளம் எவ்வளவு பிடிக்கும் என்றால், ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழம் நின்றால் 1 கோடி லிட்டர். ஆக, நூறு ஏக்கர் வயலை மனையாக்கினால் ஆறு ஹெக்டேர் குளம் ஒன்றைத் தூர்த்த கணக்கு. குளத்தின் கரையில் யாரும் கை வைக்கவில்லை, ஆனாலும் ஊர் அந்த அளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும் இடத்தை இழந்துவிட்டது.

நீர்பாய்ச்சியின் கூலி

அந்தக் காலத்தில் குளத்தை யார் பார்த்துக்கொண்டார்கள்? ராஜா பார்த்தார் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். வெட்டியது ராஜாவாக இருக்கலாம். தினமும் பார்த்தது ஊர்க்காரர்கள். மடையைத் திறக்க, அடைக்க, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பங்கு பிரிக்க நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள் இருப்பார். அவருக்குக் கூலி, அறுவடையில் களத்து மேட்டிலேயே அளந்து கொடுக்கும் நெல். கார், பிசானம் என்று இரண்டு பூவிலும் அவருக்குப் பங்கு உண்டு. கால்வாய் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் என்று குடிமராமத்து. வர மறுத்தால் ஊர் சும்மா விடாது. 1858-ல் வெள்ளைக்காரன் இதைச் சட்டமாகவே போட்டான். காலங்காலமாக வழக்கமாக நடந்ததைச் சட்டம் போட்டு நடத்த வேண்டி வந்ததிலிருந்தே, அப்போதே அது தளர ஆரம்பித்துவிட்டது என்று ஊகிக்கலாம்.

பழைய முறையில் எல்லாமே நியாயமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. மண்வெட்டி பிடித்தவருக்கும் நிலம் வைத்திருந்தவருக்கும் இருந்த தூரம் நமக்குத் தெரியும். ஆனால் ஒன்று உண்மை. குளம் நிறைந்தால் ஊரில் பலருக்குச் சோறு. அதனால் வரத்துக்காலில் ஒரு கல் விழுந்தாலும் எடுத்துப் போட ஆள் இருந்தது. குளத்தைக் காத்தது பக்தியோ பண்பாடோ மட்டுமல்ல, களத்து மேட்டில் அளந்த அந்த நெல்லும்தான்.

ஊர் நகரான கதை

1843-ல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஆற்றின் குறுக்கே பாலம் கட்டிக் கொடுத்தார். அதற்கு முன் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் ஆற்றின் இரு கரையில் இரண்டு தனி ஊர்கள். 1866-ல் இரண்டும் நகராட்சிகள் ஆயின. 1876-ல் ரயில் வந்தது. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் பெருகி, பாளையங்கோட்டைக்குத் தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் கிடைத்தது. 1994-ல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் நான்கையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஏறத்தாழ 4.74 லட்சம். சென்னை, கோவை, மதுரையோடு பார்த்தால் சின்ன நகரம்தான். 2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலிலும் இடம் பிடித்தது.

இந்த வளர்ச்சியைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம் கல்லூரி நிற்கிறதும், நம்மில் பலர் வீடு கட்டிக் குடியிருக்கிறதும் இந்த வளர்ச்சியில்தான். கிராமத்துப் பையன் ஒருவன் படித்து வேலைக்குப் போய், பேங்க் லோன் போட்டு அஞ்சு சென்ட் வாங்குகிறான். அவனிடம் போய் "இது ஆயக்கட்டு நிலம், வீடு கட்டாதே" என்றால், "அப்போ நான் எங்க போறது அண்ணாச்சி?" என்பான். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் குளத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நடந்தது என்னவென்றால், ஊருக்குள் இருந்த வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. வயல் போனதும் மடையைத் திறக்கச் சொல்ல ஆள் இல்லை. நீர்பாய்ச்சிக்கு அளந்து கொடுக்க நெல் இல்லை. வரத்துக்கால் தூர்ந்தது, அல்லது சாக்கடையானது. மறுகால் ஓடை ஒரு நாள் பாதையானது, பின்பு சிமென்ட் ரோடானது. கடைசியில் "இந்தக் குளம் சும்மாத்தானே கிடக்குது" என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலையெல்லாம் போய்க் குளம் சும்மாத்தான் கிடந்தது.

குளத்தில் ஏன் பஸ் ஸ்டாண்டு?

2000-களின் தொடக்கத்தில் வேய்ந்தான்குளத்தின் ஒரு பகுதியில் புதிய பேருந்து நிலையம் வந்தது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டின் நெரிசலைப் பார்த்தவர்கள் யாரும் புதிய நிலையம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏன் குளத்தில்?

நம் ஊரில் மட்டும் இப்படி நடக்கவில்லை. சென்னையில் 1920-களில் மாம்பலம் ஏரியை எடுத்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். பின்னாளில் வீட்டு வசதி வாரியம் ஏரிகளில் போட்ட குடியிருப்புகளுக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். மதுரையில் 2004-ல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில். காரணம் எங்கும் ஒன்றுதான். ஊருக்கு நடுவில், பத்து இருபது ஏக்கர் ஒரே துண்டாக, பட்டா இல்லாமல், இழப்பீடு கொடுக்காமல் கிடைக்கிற நிலம் குளம் ஒன்றுதான். தனியார் நிலத்தை எடுத்தால் கோர்ட்டு, கேஸ், பத்து வருஷம். குளம் புறம்போக்கை எடுத்தால் ஒரு கோப்பு, ஒரு ஆணை. பயன்பாட்டில் இல்லாத குளம் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

ஆகவே குளத்தை அழித்தது பேராசை என்று மட்டும் சொன்னால் கதை சரியாக வராது. அரசின் கணக்குப் புத்தகத்தில் குளத்து நிலத்துக்கு விலை பூஜ்யம் என்று இருந்தது. நாம் சிவில் இன்ஜினியர்கள் எஸ்டிமேட் போடும்போது மண் அடிக்க, கான்கிரீட் போட, கம்பி கட்ட எல்லாவற்றுக்கும் ரேட் போடுகிறோம். அங்கே நின்றுகொண்டிருந்த தண்ணீர் இனி எங்கே போய் நிற்கும் என்பதற்கு ரேட் போட எஸ்டிமேட்டில் ஒரு வரியே கிடையாது.

2023 டிசம்பர்

அந்த விடுபட்ட வரிக்கான பில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரியைவிட இது அதிகம். மேலே மலையிலும் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி இரு கரையையும் தாண்டியது. ஜங்ஷன் பகுதி தண்ணீரில் நின்றது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலக வளாகத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. நம் சங்க நண்பர்கள் பலரும் அந்த நாட்களில் படகிலும் டிராக்டரிலும் பால், ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அந்த மழையை எந்தக் குளமும் முழுசாகத் தாங்கியிருக்காது. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் குளமும் நல்லபடியாக இருந்திருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும். 1992 நவம்பரிலும் வந்ததே. ஒரு சதுர கிலோமீட்டரில் 20 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 20 கோடி லிட்டர். அவ்வளவையும் பிடிக்க ஒரு மீட்டர் ஆழத்தில் 20 ஹெக்டேர் குளம் வேண்டும். குளத்தால் வெள்ளத்தை ஒழிக்க முடியாது. ஆனால் அதைத் தாமதப்படுத்த முடியும். ஆறு மணி நேரத்தில் வந்து சேர வேண்டிய தண்ணீர் பதினெட்டு மணி நேரத்தில் வந்தால், இடுப்பளவு நிற்பது முழங்காலளவு ஆகலாம். கீழ்த் தளத்தில் குடியிருக்கும் பாட்டியை மாடிக்குத் தூக்கிப் போக நேரம் கிடைக்கும். வெள்ள காலத்தில் அந்த நேரம் எவ்வளவு பெரிசு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

வெள்ளத்தோடு வாழ நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. குறுக்குத்துறை முருகன் கோவிலைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே கட்டினார்கள். கட்டும்போதே வெள்ளம் வரும் என்று தெரிந்து, நீர் வந்து மோதும் பக்கத்தைப் படகின் முனைபோல அமைத்தார்கள். வெள்ளம் வரும் என்றால் உற்சவரை மேலக் கோவிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். தண்ணீர் மூடும், வடியும், கழுவி விட்டுத் திரும்பப் பூசை நடக்கும். தண்ணீரின் பாதையில் கட்டவே கூடாது என்று அவர்கள் நினைக்கவில்லை. அது தண்ணீரின் பாதை என்பதை மறக்காமல் கட்டினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

சட்டம் இல்லாமல் இல்லை. நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று 2005-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2007-ல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வந்தது. எல்லைக் கல் நட்டார்கள். வேய்ந்தான்குளத்தில் எஞ்சிய பகுதியைத் தூர்வாரி மரக்கன்று நடும் முயற்சிகளும் நடந்தன. நல்ல காரியம்.

ஆனால் ஒரு விசித்திரம் பாருங்கள். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளையும் நெல் வயல்களையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைக்கின்றன. நெல்லைக் குளங்கள் எல்லாமே பாசனத்துக்கு வெட்டியவை. ஆக, விதியின் வார்த்தைப்படி பார்த்தால் நம் ஊரில் ஈரநிலம் தேடுவது கஷ்டம். ராம்சர் உடன்படிக்கையோ செயற்கை நீர்நிலைகளையும் கணக்கில் சேர்க்கிறது. நெல் வயலும் ஈரநிலமே என்று 2008-ல் அதன் உறுப்பு நாடுகள் தீர்மானமே போட்டன.

நம் மாவட்டத்துக் கூந்தன்குளம் இதற்கு நல்ல சாட்சி. அதுவும் பாசனக் குளம்தான். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் அங்கே வருகிறது. 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சர் தலமாக அறிவித்தார்கள். பறவைக்காக அந்த ஊர்க்காரர்கள் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். அணை என்ற வளர்ச்சித் திட்டமும், பறவையும், விவசாயியும் ஒரே குளத்தில் பிழைக்கிறார்கள். அந்தக் குளத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதால் இது நடக்கிறது.

தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். நம் மாணவர்கள் ஒரு ஜனவரியிலாவது அதில் கலந்துகொண்டு பார்க்க வேண்டும். நகருக்குள் இருக்கும் குளத்தைக் கொக்கும் நீர்க்காகமும் இன்னும் கைவிடவில்லை என்பதை நேரில் பார்த்தால் ஒரு தெம்பு வரும்.

குளத்துக்குப் புது வேலை

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளத்துக்கு வேலை இருந்தவரை குளம் பிழைத்தது. நெல் போனதோடு அந்த வேலை போயிற்று. சுற்றிலும் நடைபாதையும், கம்பி வேலியும், 'ஐ லவ்' பலகையும் வைத்தால் அது பார்க்க அழகாக இருக்கும், குளமாக இருக்காது. இனி நகரம் முழுவதையும் குளத்தின் ஆயக்கட்டாகக் கருத வேண்டும். வெள்ளத்தைப் பிடித்து வைப்பதும், நம் போர்வெல்லுக்கு நீர் ஊற வைப்பதும், கோடையில் தெருவைக் குளிர்விப்பதும் அதன் புது வேலை. அந்த வேலைக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

இதற்கு நம் தொழிலில் இருப்பவர்கள் செய்யக்கூடியவை சில:

ஒன்று, ஒவ்வொரு குளத்துக்கும் வரத்துக்காலும் மறுகாலும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று மட்டத்தோடு வரைபடம் வேண்டும். எஃப்.எம்.பி. ஸ்கெட்சிலும் அ-பதிவேட்டிலும் வாய்க்கால் புறம்போக்கு என்று பழைய தடம் இன்னும் இருக்கிறது. குளத்தின் எல்லைக்குக் கல் நட்டால் போதாது. தண்ணீர் வந்து போகும் வழிக்கும் கல் நட வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்த குளம் ஒரு தொட்டி, அவ்வளவே.

இரண்டு, வயல் மனையாகும்போது, அந்த வயல் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மனைப் பிரிவும் பிடிக்க வேண்டும். இது நடக்காத காரியமா? பெரிய லேஅவுட்டுகளில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம் திறந்தவெளி விடுவது தமிழ்நாட்டில் நடைமுறை. பத்து ஏக்கர் வயல் பிடித்தது 60 லட்சம் லிட்டர். அதில் போடும் லேஅவுட்டில் முக்கால் ஏக்கர் பூங்கா வரும் என்று வையுங்கள். அந்தப் பூங்காவை ரோட்டைவிட ஒரு மீட்டர் பள்ளமாக அமைத்தால் 30 லட்சம் லிட்டர் நிற்கும், சரிபாதி. வருஷத்தில் சில நாள் தண்ணீர் நிற்கும், மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் பந்து விளையாடலாம். அஞ்சு சென்ட் வாங்கிய அந்தத் தம்பிக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: வீடு கட்டுப்பா, ஆனால் உன் வயல் செய்த வேலையை உன் காலனி செய்யட்டும். நாம் லேஅவுட் வரையும்போது பூங்காவை மேட்டில் வைக்கிறோமா, பள்ளத்தில் வைக்கிறோமா என்பது நம் கையில் இருக்கிறது.

மூன்று, மறுகாலைத் தாண்டும் ரோட்டில் குழாய் விட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. ரோட்டு மேடு என்பது ஒரு கரை. கீழே போதுமான வழி விடாவிட்டால் நாமே ஒரு புதுக் குளம் கட்டிவிடுகிறோம், அதுவும் ஜனங்கள் குடியிருக்கும் இடத்தில்.

நான்கு, நீர்பாய்ச்சி மீண்டும் வேண்டும். நெல்லுக்குப் பதில் சொத்து வரியிலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். மழைக்கு முன் குளத்தின் மட்டத்தை இறக்கி வைப்பது, ஆகாயத்தாமரையை எடுப்பது, மறுகாலில் குப்பை அடைக்காமல் பார்ப்பது அவர் வேலை. பெரிய குளம் நீர்வளத் துறையிடம், 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கிராமத்துக் குளம் ஊராட்சி ஒன்றியத்திடம், ஊருக்குள் இருக்கும் வடிகால் மாநகராட்சியிடம் என்று பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. ஒரு குளத்துக்கு ஒரு ஆள், அவர் பெயரும் போன் நம்பரும் கரையில் ஒரு பலகையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இவையெல்லாம் செலவு பிடிக்கும், தாமதம் ஆகும், சிலருக்கு மனை குறையும். நாங்கள் இந்தத் தொழிலில் தினமும் பார்க்கிற இழுபறி இது. இருந்தாலும் 2023-ல் நனைந்து போன மெத்தை, பீரோ, புத்தகம், கடைச் சரக்கு எல்லாவற்றையும் ஒரு பக்கம் கூட்டிப் போட்டால் எது லாபம் என்று கணக்குத் தெரிந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளுக்கு

ஒவ்வொரு வருஷமும் சிவில் மாணவர்கள் சர்வே கேம்ப் போகிறீர்கள். வெயிலில் கருத்து, கான்டூர் மேப் வரைந்து, வைவா முடிந்ததும் அந்த மேப் பரணுக்குப் போய்விடுகிறது. அதை ஒரு தடவை ஊருக்குப் பயன்படும்படி செய்யலாமே? ஒரு வருஷம் நயினார்குளத்தின் வரத்துக்கால், அடுத்த வருஷம் அதன் மறுகால், அதற்கடுத்து இலந்தைக்குளம் என்று வரிசையாக எடுங்கள். பத்து வருஷத்தில் மாநகரத்தின் நீர்வழிப் படம் நம் கல்லூரியில் இருக்கும். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகள் அதைப் போனில் பார்க்கும்படி செய்து கொடுக்கட்டும். மனை வாங்கப் போகிறவர் முதலில் அதைப் பார்க்கட்டும். வரலாறு படிக்கிற பிள்ளைகள் குளத்தங்கரைப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, எந்த மடைக்கு என்ன பெயர், எந்த வருஷம் எது வரை தண்ணீர் வந்தது என்று எழுதி வையுங்கள். அவர்களுக்குப் பிறகு கேட்க ஆள் கிடைக்காது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கருவி, பயணச் செலவு, மாணவர்களுக்கு மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் போதும். என் பங்கை இந்தச் சந்திப்பிலேயே பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன். அரசுப் பணியில் இருக்கும் நம் மூத்தவர்கள் பழைய புலப்படங்களைப் பார்க்க வழி செய்து கொடுத்தால் அதைவிடப் பெரிய நன்கொடை இல்லை.

முதல் படத்தை அடுத்த சந்திப்பு மலரின் நடுப்பக்கத்தில் போடுவோம். அதில் உங்கள் வீடு எந்த மறுகாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.